பல வருடம் நின்ற இரும்பு இன்ஜின் புல்லட் 350: முழுசா பிரிக்கணுமா, மேல்பாதி போதுமா?

பச்சைடேங்க்:
வணக்கம். சித்தப்பா ஓட்டிய புல்லட் 350 இப்போது என்னிடம் வந்திருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர், நாலு கியர், வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன் (தொடுமுனை திறந்து மூடிப் பொறி கொடுக்கும் பழைய முறை). பல வருடமாகக் கொட்டகையில் சும்மா நின்ற வண்டி. டேங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றித் தொங்கவிட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மிதித்ததில் கிளம்பிவிட்டது. கிளம்பியதும் சைலன்சரில் இருந்து நீலப் புகை, பின்னால் நின்றவர் முகமே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம்.

வந்து பார்த்த மெக்கானிக், "இன்ஜினை இறக்கி முழுசா பிரிச்சிடலாம். பிஸ்டன், கிராங்க், பேரிங் எல்லாம் புதுசு போட்டுக்கலாம்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடம் ஓடிய ஒரிஜினல் பாகங்களைப் பார்க்காமலே தூக்கிப் போடுவதா? டேங்க் உள்ளே துரு. வெளியே பெயின்ட்டும் தங்கக் கோடும் நன்றாகவே இருக்கின்றன. குரோமில் புள்ளிப் புள்ளியாகத் துரு. எங்கே இருந்து தொடங்குவது?

இருசக்கரம்:
மெக்கானிக் சொல்வது சரிதான் நண்பரே. பல வருடம் நின்ற இன்ஜினில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிராங்க் பின்னுக்கு ஆயில் போகும் துளையில் பழைய ஆயில் காய்ந்து அடைத்திருந்தால், ஓட்டும்போது பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க் பின்னில் உட்காரும் அடிமுனை) போய்விடும். அப்புறம் கனெக்டிங் ராட், பிஸ்டன் எல்லாம் சேர்ந்து போகும். ஒரே தடவையில் பிரித்துச் செய்துவிட்டால் நிம்மதி.

லேத்துக்காரர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தப் புகையைப் புரிந்துகொள்வோம்.

புல்லட் டிரை சம்ப் இன்ஜின். ஆயில் நிற்பது கிராங்குக்குக் கீழே இல்லை, அதற்குப் பின்னால் கிராங்க்கேஸோடு சேர்த்து வார்த்த தனி அறையில். ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திருப்பி அனுப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த அறையில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். பம்ப் டிஸ்க்கும் அது உட்காரும் முகமும் தேய்ந்திருந்தால் சீக்கிரமே இறங்கும். அந்த நிலையில் மிதித்தால் ஃபிளைவீல் ஆயிலைக் கடைந்து மேலே அடிக்கும். ஊரே தெரியாத அளவுக்குப் புகை வரும். ரிட்டர்ன் பம்ப் அதை எடுத்து முடித்ததும் புகை குறையும். உங்களுக்கு முதலில் வந்த புகையில் பெரும்பகுதி இதுதான். இதற்காக யாரும் பிஸ்டன் மாற்ற வேண்டாம்.

முழுதாக நிற்கவில்லை என்கிறீர்களே, அந்த மிச்சப் புகைதான் கேள்வி. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை மூடி வைத்துவிட்டு மறுபடி திறக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வ் கைடு (வால்வ் ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கும் சிலிண்டரும்.

இப்படிச் செய்யுங்கள். கிராங்க்கேஸ் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து அங்கே இறங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள். ஆயில் அறைக்குத் தனி பிளக், அதையும் வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். அப்புறம் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தம் அளக்கும் கருவி) ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி மிதியுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிகிறது. ஏறவில்லை என்றால் வால்வ்.

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். பழைய வண்டியில் ஒரிஜினல் பாகம் அளவில் நிற்கும்போது அதை எடுத்துவிட்டு இன்று கிடைக்கும் டூப்ளிகேட்டைப் போடுவது முன்னேற்றம் இல்லை.

நெடுவழி:
டிக் டிக் சத்தத்துக்கு முதலில் டேப்பட் (வால்வைத் திறக்கும் தண்டுக்கு அடியில் இடைவெளி சரிசெய்யும் இடம்) பாருங்கள். சிலிண்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தாலே தெரியும்.

பச்சைடேங்க்:
நன்றி அண்ணா. சொன்னபடியே செய்தேன். கிராங்க்கேஸில் இருந்து அரை லிட்டருக்கு மேல் கறுப்பு ஆயில் வந்தது. புது ஆயில் ஊற்றிக் கிளப்பினால் முதல் புகை இல்லவே இல்லை. ஆனால் சூடானதும் இழுத்தால் நீலமாக வந்துகொண்டே இருக்கிறது. கம்ப்ரஷனில் ஒரு கரண்டி ஆயில் விட்டதும் முள் நன்றாகவே ஏறியது. டேப்பட் இரண்டும் தளர்ந்திருந்தன, சரிசெய்ததும் டிக் டிக் போய்விட்டது. ஆக ரிங்தானே? ஹெட்டை இறக்கட்டுமா?

லேத்துக்காரர்:
இறக்குங்கள். கழற்றும் முன் பழைய இன்ஜினில் மரை விஷயம் ஒன்று இருக்கிறது, கவனம். அந்தக் காலத்து நட்டு போல்ட்டில் பலதும் மில்லிமீட்டர் மரை இல்லை. ஸ்பேனர் கொஞ்சம் தொளதொளவென்று உட்கார்ந்தால் சுத்தியால் தட்டி இறுக்கித் திருப்பாதீர்கள். மூலை மழுங்கிவிடும்.

கழற்றும்போது இன்லெட் பக்க ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), புஷ்ராட் (அதைத் தள்ளும் தண்டு) எல்லாம் ஒரு கவரில், எக்ஸாஸ்ட் பக்கம் இன்னொரு கவரில். ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்த ஜோடிகள் அவை, மாற்றிப் போட்டால் புதிதாகத் தேயத் தொடங்கும். டிகம்ப்ரஷர் (மிதிக்கும்போது அழுத்தத்தை வெளியே விடும் வால்வ்) கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், குறுக்கு வாக்கில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிலிண்டர் மேலே வரும்போதே கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ சர்க்ளிப்போ (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சின்ன வளையம்) உள்ளே விழுந்தால் அப்புறம் நிஜமாகவே முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே சிலிண்டர் தேய்மானம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளப்பது) வேண்டாம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். மேல் ரிங்கைப் பிஸ்டனில் இருந்து எடுத்து சிலிண்டரின் அடிப்பகுதியில், பிஸ்டன் ரிங் எட்டாத இடத்தில் வையுங்கள். பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். ரிங் வாயின் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே ரிங்கை மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் அதிகம் தேய்க்கும் இடத்தில் வைத்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டரின் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வந்துவிடும். அடிப்பகுதி தேய்வதே இல்லை, அதனால் அது நமக்கு அளவுகோல். இது சராசரிதான், முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் காட்டாது. அதற்கு லேத்தில் போர் கேஜ் வைத்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளக்க வேண்டும்.

பச்சைடேங்க்:
அடியில் 0.35 மி.மீ., மேலே 1.00 மி.மீ. வித்தியாசம் 0.65. வகுத்தால் 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். சிலிண்டர் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் படி மாதிரி தட்டுகிறது. பின்பக்கச் சுவரில் செங்குத்தாக இரண்டு கீறல், நகம் மாட்டுகிறது. பிஸ்டன் ஸ்டாண்டர்ட் சைஸ், இதுவரை யாரும் போர் போடவில்லை (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கவில்லை).

லேத்துக்காரர்:
அப்படியானால் போர் போட்டே ஆக வேண்டும். 0.2 தேய்மானத்தில் புது ரிங் மட்டும் போட்டால் மேலே உள்ள படியில் முட்டி உடையும், புகையும் நிற்காது. ஸ்டாண்டர்ட் போர் 70 மி.மீ. முதல் ஓவர்சைஸ் 20, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கீறல் அதில் போய்விடும். மேலே இன்னும் ஓவர்சைஸ் மிச்சம் இருக்கிறது, சிலிண்டருக்கு நல்ல ஆயுள் உண்டு.

பிஸ்டனை வாங்கி லேத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் போர் போடச் சொல்லுங்கள். இதை விடவே கூடாது. பெட்டியில் 20 என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு மாறும். பிஸ்டனின் அடிப்பாவாடையில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கு வாக்கில் அளந்து, அதற்கு மேல் 0.075 மி.மீ. இடம் விட்டுச் சிலிண்டரை முடிக்க வேண்டும். அங்குலக் கணக்கில் ஆயிரத்தில் 3. காற்றில் குளிரும் இரும்பு சிலிண்டர், அலுமினியப் பிஸ்டன். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். "டைட்டா போட்டா ரொம்ப நாள் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெயிலில் ஒரு ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஹோன் அடித்து (சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்த்து) குறுக்குக் கோடு விழ வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளவென்று கொடுத்தால் ரிங் உட்காராது.

இருசக்கரம்:
மேல்பாதி சரி. நான் கேட்ட கிராங்க் பின் ஆயில் துளைக்கு என்ன பதில்? பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ் (தானும் சுழலும் உலோக வளையம்). ஆயில் படலம்தான் அதைத் தாங்குகிறது. ஒரு நிமிடம் ஆயில் நின்றால் போதும். புது பிஸ்டனைப் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றிவிட்டுக் கீழே பழைய புஷ்ஷை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லேத்துக்காரர்:
நியாயமான கேள்வி. பச்சைடேங்க் தம்பி, சிலிண்டர் இல்லாமல் கிராங்க்கேஸ் வாய் திறந்திருக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம், பிரிக்கத் தேவையில்லை.

முதலில் ஆட்டம். கனெக்டிங் ராடை உச்சியில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலே இழுங்கள், நேர் கீழே அழுத்துங்கள். கிராங்கை அடியில் நிறுத்தி மறுபடியும், நடுவழியிலும் ஒரு முறை. "டொக்" என்று துளி தட்டினாலும் பிக் எண்ட் போய்விட்டது, அப்போது நண்பர் சொன்னபடி பிரிக்க வேண்டியதுதான். ராடின் மேல்முனை பக்கவாட்டில் சாய்ந்து ஆடுவது வேறு, அது இருக்கத்தான் செய்யும். பலர் அந்த ஆட்டத்தைக் காட்டித்தான் கிராங்கைப் பிரிக்க வைக்கிறார்கள்.

அடுத்து துளை. டைமிங் கவரைக் கழற்றினால் கிராங்கின் முனையில் பம்ப் ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) தெரியும். நடுவில் ஒரு துளை. கவரில் இருந்து ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் கிராங்குக்குள் போகிறது. ரப்பர் முனை வைத்த ஆயில் கேனால் அந்தத் துளையை நன்றாக அடைத்துப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். விளக்கை வாயில் காட்டிப் பிக் எண்டைப் பாருங்கள். ராடின் இரண்டு பக்கமும் ஆயில் பிதுங்கி வழிய வேண்டும். முதலில் கறுப்பாக வந்து, அப்புறம் தெளிவாக வரும்வரை விடுங்கள். வராவிட்டால் அடைப்பு, கிராங்கை வெளியே எடுங்கள்.

வார்மைக் கழற்றத் தோன்றினால் நினைவில் வையுங்கள், அது இடது மரை. கவரைத் திரும்ப மூடும்போது அந்த முனையில் உட்காரும் சீலைப் புதிதாகப் போடுங்கள். அது காய்ந்திருந்தால் பம்ப் கொடுக்கிற ஆயில் கிராங்குக்குள் போகாமல் கவருக்குள்ளேயே கசிந்து போய்விடும். ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பச்சைடேங்க்:
மேலே கீழே ஆட்டம் துளியும் இல்லை. எல்லா நிலையிலும் இழுத்துப் பார்த்தேன். ஆயில் முதலில் வரவே இல்லை, பயந்துவிட்டேன். விடாமல் அழுத்தியதும் தார் மாதிரி ஒரு கட்டி பிதுங்கி வந்தது, அதன்பின் ராடின் இரண்டு பக்கமும் தெளிவாக வழிந்தது. கிராங்கைச் சுழற்றிச் சுழற்றி வெகுநேரம் விட்டேன். இருசக்கரம் அண்ணா, நீங்கள் சொன்னது உள்ளே இருக்கத்தான் செய்தது, நன்றி.

இருசக்கரம்:
நல்லது. தெளிவாக வந்துவிட்டால் நானும் கிராங்கைத் தொடச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், 100 கிலோமீட்டருக்குள். மிச்ச அழுக்கு கரைந்து வரும்.

கொடிவிளக்கு:
என்னிடமும் இதே மாதிரி ஒரு பழைய வண்டி இருக்கிறது. டேங்க், குரோம், அலுமினியம் சுத்தம் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் காஸ்டிக் சோடாவில் கிராங்க்கேஸை ஊறவைக்கச் சொன்னார்.

நெடுவழி:
காஸ்டிக் சோடாவா, கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அலுமினியத்தைத் தின்றுவிடும். நுரைத்து வருவது அழுக்கு இல்லை, உங்கள் கிராங்க்கேஸ். மணல் பிளாஸ்டிங்கும் இன்ஜின் பாகங்களுக்கு வேண்டாம். ஆயில் போகும் துளைகளில் ஒரு துகள் மணல் தங்கினாலும் பிக் எண்ட் காலி. மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், பொறுமை, அவ்வளவுதான். கேஸ்கெட் உட்காரும் முகங்களில் கம்பி பிரஷ் படக்கூடாது, அந்தக் கீறல் வழியாகத்தான் அப்புறம் ஆயில் ஒழுகும்.

குரோமுக்கு அலுமினியத் தாளைச் சின்னதாகக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை, குரோமைக் கீறாது, மேலே இருக்கும் துருவை எடுத்துவிடும். குழி விழுந்த இடம் குழியாகத்தான் இருக்கும். துடைத்து மெழுகு போட்டுவிடுங்கள்.

டேங்க் உள்ளே துருவுக்கு நான் சிட்ரிக் ஆசிட் கரைசல்தான் வைப்பேன். வாயெல்லாம் அடைத்து, கரைசலை முழுதாக நிரப்பி, ஒரு ராத்திரி வைத்து, ஊற்றிவிட்டு, சலவை சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே ஹேர் டிரையர் வைத்துக் காயவிடுங்கள். ஈரமாக ஒரு மணி நேரம் விட்டாலே கண்ணெதிரே மஞ்சள் துரு பூக்கும். காய்ந்ததும் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றி விடுங்கள். பெட்ரோல் குழாயில் ரப்பர், கார்க் எல்லாம் புதிதாகப் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கூழாக்கும்.

பச்சைடேங்க், உங்கள் டேங்க்கின் தங்கக் கோடு கையால் பிரஷ் பிடித்து இழுத்தது. உற்றுப் பார்த்தால் கோடு தொடங்கும் இடத்தில் தடித்தும் வளைவில் மெலிந்தும் போவது தெரியும். அதன்மேல் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய படலம், போனால் போனதுதான். லேசான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, மெழுகு. ஆசிட் கரைசல் பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வெள்ளிப்பூண்:
எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு செய்துவிட்டுப் பெயின்ட்டைப் பழசாகவே விடுவதா? புதிதாக அடித்துக் கோடு போட்டால் ஷோரூம் வண்டி மாதிரி நிற்குமே.

நெடுவழி:
பெயின்ட் உரிந்து தகடு தெரிந்தால் அடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. இங்கே பெயின்ட் நிற்கிறது. முட்டி உரசி மங்கிய அந்த இடம் சித்தப்பா ஓட்டியதால் வந்தது. புதுப் பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பச்சைடேங்க்:
பெயின்ட்டைத் தொடப்போவதில்லை, முடிவு செய்துவிட்டேன். சிலிண்டர் போர் போட்டு வந்துவிட்டது. மாட்டும் முன் கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள் அண்ணா.

லேத்துக்காரர்:
முதல் வேலை கழுவுவது. ஹோன் கல்லின் தூள் குறுக்குக் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை எடுக்காது, எண்ணெய்ப் பசையை மட்டும் எடுத்துவிட்டுத் தூளை அங்கேயே விட்டுவிடும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் வைத்துத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை. வந்ததும் தாமதிக்காமல் ஆயில் பூசுங்கள், இரும்பு நிமிடத்தில் துருப்பிடிக்கும்.

புது ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் வைத்து வாய் அளங்கள், 0.28 முதல் 0.38 மி.மீ. வரை. குறைவாக இருந்தால் மெல்ல அரத்தால் தேய்க்கவும். பிஸ்டனில் போடும்போது வாய்கள் ஒரே வரிசையில் வரக்கூடாது. சர்க்ளிப் எப்போதும் புதிது, பழையதைத் திரும்பப் போடவே கூடாது. காடிக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் சுழற்றிப் பாருங்கள்.

ஹெட்டில் வால்வை கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, சுற்றிலும் விடுபடாத சாம்பல் வளையம் வர வேண்டும். பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, எரிஅறையில் பெட்ரோல் ஊற்றிப் போர்ட் வழியாகக் கசிகிறதா பாருங்கள். கைடுக்குள் வால்வ் ஆடினால் கைடையும் மாற்றிவிடுங்கள்.

டேப்பட் குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது. புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங் (பொறி விழும் இடம்), அட்வான்ஸ் ஆகாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். பாயின்ட் நடுவில் மெல்லிய தாளைக் கவ்வ வைத்து, லேசாக இழுத்துக்கொண்டே கிராங்கைத் திருப்புங்கள். தாள் விடுபடும் கணம்தான் பாயின்ட் திறக்கும் இடம்.

கிளப்பும் முன் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் மேல் போல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு விடாமல் மிதியுங்கள். அங்கே ஆயில் வந்த பிறகுதான் பிளக். வராமல் கிளப்பவே கூடாது.

கிளம்பியதும் ஐடிலில் நெடுநேரம் விடாதீர்கள், ரிங் உட்காராது. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கைவைக்கும் அளவுக்கு இல்லை, முழுதாகவே ஆறவிட்டு, ஹெட் நட்டை மறுபடி டைட் வையுங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் பிடித்து ஓட்ட வேண்டாம், டாப் கியரில் முக்கவும் விட வேண்டாம்.

பச்சைடேங்க்:
கிளம்பிவிட்டது! ராக்கர் குழாயில் ஆயில் வரும்வரை காத்திருந்து அப்புறம்தான் பிளக் போட்டேன். இழுத்தாலும் மூடித் திறந்தாலும் புகை இல்லை. ஆனால் அடியில் ஆயில் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. கேஸ்கெட் எல்லாம் புதிது. இடது பக்கம்தான் அதிகம்.

லேத்துக்காரர்:
பிரீதர் பாருங்கள். பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க்கேஸில் காற்று அழுந்தும். அது வெளியேற இடது பக்கத்தில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அந்த ரப்பர் இறுகி ஒட்டிக்கொண்டால் அழுத்தம் எந்த இணைப்பு கிடைத்தாலும் அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புது கேஸ்கெட் போட்டும் ஒழுகும் பல புல்லட்டில் பிரச்சினை இதுதான்.

பச்சைடேங்க்:
ரப்பர் கல்லாக இறுகி, வாய் ஒட்டிப் போயிருந்தது. மாற்றிவிட்டேன், நேற்று இரவு முழுக்க அடியில் விரித்துவைத்த அட்டையில் ஒரு பொட்டு கூட இல்லை. ஆறிய பிறகு ஹெட் நட்டு டைட் வைத்ததில் எல்லாமே கொஞ்சம் நகர்ந்தன. அதனால் டேப்பட்டும் பார்த்தேன். எக்ஸாஸ்ட் புஷ்ராட் சுழலாமல் இறுகியிருந்தது, தளர்த்திச் சரிசெய்துவிட்டேன்.

லேத்துக்காரர்:
நல்ல வேலை செய்தீர்கள். ஹெட் இறங்கினால் டேப்பட் இறுகும், அப்படியே விட்டிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வ் மூடாமல் கருகியிருக்கும். 100 கிலோமீட்டரில் ஆயில் மாற்றும்போது இன்னொரு தடவை இரண்டையும் பார்த்துவிடுங்கள்.